பல்கலைக்கழகம் வளர்த்த ஆட்டத்துக்கு வெளியே ஏன் கூட்டம் கூடுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் பெரிய வீராங்கனைகளில் பெரும்பாலோர் பல்கலைக்கழக அணிகளில் ஆடி வளர்ந்தவர்கள். பெண்கள் கூடைப்பந்தில் பல்கலைக்கழக ஆட்டத்தைத்தான் அந்த நாடே உட்கார்ந்து பார்க்கிறது. அப்படியிருக்க, கால்பந்தில் மட்டும் பல்கலைக்கழக ஆட்டத்தைப் பெரிதாக யாரும் கவனிக்காமல், இரண்டு முறை மூடுவிழா கண்ட தொழில்முறை ஆட்டத்துக்கு இப்போது கூட்டம் சேருவது ஏன்?

என் பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெண்கள் கால்பந்துக்குப் புகழைத் தேடித் தந்தது பல்கலைக்கழகமும் அன்று, தொழில்முறை லீக்கும் அன்று, தேசிய அணிதான். பல்கலைக்கழக ஆட்டம் வேறொரு காரணத்துக்காக, பார்வையாளர்களை எதிர்பார்க்காமலேயே வளர்ந்தது. தொழில்முறை லீக்குகளோ தேசிய அணியின் கூட்டம் தானாகத் தங்களைத் தேடி வரும் என்று நம்பி இரண்டு முறை ஏமாந்தன. மூன்றாவது முறை, ஊருக்கு ஊர் தமக்கென்று ரசிகர்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் நிலைத்தன. இதைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

1972-இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்கள் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அந்தச் சட்டம் விளையாட்டுக்கும் பொருந்தும் என்றானபோது பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கணக்குச் சிக்கல் எழுந்தது. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைக்கும், கையில் பந்தை ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்துக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகம் பல்லாண்டுகள் 85 ஆண்களுக்கு முழு உதவித்தொகை கொடுத்துவந்தது. அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடங்களைத் தர வேண்டும். ஒரே அணியில் ஏராளமான பெண்களைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய, ஒரு புல்தரையும் இரண்டு கோல் கம்பங்களும் இருந்தால் நடத்திவிடக்கூடிய கால்பந்து, அமெரிக்கர்களின் பேச்சில் சாக்கர், அதற்கு வசதியாக அமைந்தது. பல்கலைக்கழக விளையாட்டின் உச்ச மட்டமான முதல் பிரிவில் பெண்கள் சாக்கர் அணி ஒன்றுக்கு 14 உதவித்தொகை என்றும், ஆண்கள் அணிக்கு 9.9 என்றும் நெடுங்காலம் விதி இருந்ததற்கு இதுவே காரணம். 1980-களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த பெண்கள் அணிகள் இன்று மூன்று பிரிவுகளிலும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. முதல் பிரிவில் மட்டும் முந்நூற்று முப்பதுக்கு மேல். இவற்றில் எந்த அணியும் நுழைவுச்சீட்டு விற்றுப் பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கப்பட்டதன்று. பார்க்க ஐந்நூறு பேர் வந்தாலும் ஐந்தாயிரம் பேர் வந்தாலும் அணியின் வரவு செலவில் பெரிய மாற்றம் இராது. பொதுமக்களின் ஆர்வம் குறைவாக இருப்பதைப் பல்கலைக்கழக ஆட்டத்தின் தோல்வியாகச் சொல்பவர்கள் இந்த அடிப்படையை மறந்துவிடுகிறார்கள். அந்த ஆர்வத்தை ஈர்ப்பது அதன் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

அது செய்த வேலை வேறு. சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் அணியை 1979-இல் ஆன்சன் டோரன்ஸ் தொடங்கினார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1982-இல் முதன்முதலாகப் பெண்கள் சாக்கர் பட்டத்துக்குப் போட்டி நடத்தியது முதல் 2000 வரையிலான 19 பட்டங்களில் 16 அந்த ஒரே அணிக்குப் போயின. ஜார்ஜ் மேசன், நோட்ர டேம், ஃபுளோரிடா ஆகிய மூன்று அணிகள் மட்டுமே ஒவ்வொரு முறை குறுக்கே வந்தன. அதே டோரன்ஸ் 1986 முதல் தேசிய அணிக்கும் பயிற்சியாளராக இருந்து, 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்று கொடுத்தார். மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி, ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்று அந்த அணியின் முக்கியமான பெயர்கள் பல அவருடைய பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தவை. ஒரே அணி ஆண்டுதோறும் வெல்வது பொதுமக்கள் ஆர்வத்துக்கு நல்லதன்று என்பது வெளிப்படை. ஆனால் நாட்டின் சிறந்த வீராங்கனைகளை ஒரே இடத்தில் வைத்து ஒருவரோடு ஒருவர் மோதவிட்டுப் பயிற்சி கொடுத்த அந்த ஏற்பாடு இல்லாமல் 1991 நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வெற்றியை அமெரிக்கா ஏறக்குறையக் கவனிக்கவே இல்லை. நிலைமை மாறியது 1996-இல். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அரங்கான சான்ஃபோர்டில் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைப் பார்க்க 76,489 பேர் திரண்டார்கள். அந்த அரங்கு ஒரு பல்கலைக்கழகத்தினுடையது. ஆனால் பல்கலைக்கழகப் பெண்கள் சாக்கருக்கு அதில் பாதிக் கூட்டமாவது வந்ததுண்டா என்றால் இல்லை. மூன்றாண்டு கழித்து, 1999 ஜூலை 10 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் அரங்கில் 90,185 பேர் முன்னிலையில் சீனாவுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதியாட்டம் பெனால்டி உதைகளால் முடிவானது. கடைசி உதையை வலைக்குள் அனுப்பிய பிராண்டி சாஸ்டெய்ன் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அன்று அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் சான்டா கிளாராவின் ஆட்டம் ஒன்றைப் பார்த்திருப்பார்கள்? அவரைத் தேசிய அணியின் சட்டையில்தான் நாடு முதலில் பார்த்தது. கூடைப்பந்துக்கும் கால்பந்துக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

கூடைப்பந்தைப் பாருங்கள். பெண்கள் தொழில்முறை லீக்கில் சேர விரும்பும் அமெரிக்க வீராங்கனை பொதுவாகப் பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டு காத்திருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த நான்கு ஆண்டுகளையும் அவர் ஒரே மாநிலத்து மக்களின் கண்முன்னே கழிக்கிறார். ஐயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் நான்காண்டு ஆடி முடிக்கும்போது, 2024 ஏப்ரலில் அவருடைய கடைசிப் பல்கலைக்கழக ஆட்டமான இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆண்களின் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். மார்ச் மாதம் முழுவதும் கல்லூரிக் கூடைப்பந்துக்கென்றே ஒதுக்கப்பட்டதுபோல் அந்த நாட்டுத் தொலைக்காட்சி நடந்துகொள்ளும். பெண்கள் சாக்கருக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. அதன் சீசன் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்வி வளாகங்களின் மூச்சும் பேச்சும் ஃபுட்பாலாக இருக்கும் மாதங்கள் சரியாக அவைதாம். அந்த நிழலில் வேறு எந்த ஆட்டமும் வளராது என்றும் சொல்லிவிட முடியாது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட் 30 அன்று தன் ஃபுட்பால் அரங்கில் பெண்கள் வாலிபால் ஆட்டம் நடத்தி 92,003 பேரைக் கூட்டிக் காட்டியது. வாலிபாலுக்கு அந்த மாநிலத்தில் பல தலைமுறைப் பற்று உண்டு. அத்தகைய பற்றுள்ள ஊர்கள் சாக்கருக்கு ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

ஆட்டத்தின் அமைப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பல்கலைக்கழக சாக்கரில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. வெளியே போனவர் இரண்டாம் பாதியில் ஒரு முறை திரும்பவும் உள்ளே வரலாம். கடைசி அரை மணியில் இரு பக்கமும் புதுக் கால்கள் ஓடிக்கொண்டே இருப்பதால், களைப்பும் அதனால் விழும் இடைவெளிகளும் தொழில்முறை ஆட்டத்துக்குத் தரும் அந்த இறுக்கம் இங்கே வருவதில்லை. மூன்று மாதத்துக்குள் இருபதை ஒட்டிய ஆட்டங்களை நெருக்கிப் போடுவதால் வியாழன் இரவு ஓர் ஆட்டம், ஞாயிறு பகல் இன்னோர் ஆட்டம் என்று போகும். போதாக்குறைக்கு, உலக அளவிலான 20 வயதுக்குட்பட்டோர் போட்டி 2024-இல் கொலம்பியாவில் நடந்ததுபோல் ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால், அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரே சீசனின் முதல் பாதியில் வெளிநாட்டில் இருப்பார்.

இத்தனைக்கும் நடுவே அந்த ஆட்டங்களுக்கு வருபவர்கள் யார் என்று பார்த்தால் விடை எளிது. ஆட்டக்காரர்களின் பெற்றோர், அதே வளாகத்து மாணவர்கள், பழைய மாணவர்கள், பிறகு சுற்று வட்டாரத்துச் சிறுமியர் கிளப் அணிகள். கடைசியாகச் சொன்னவர்கள் தங்கள் அணிச் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வேலியருகே ஓடிப்போய்க் கையெழுத்துக்கு நிற்பார்கள். இந்தக் கூட்டம் சிறியது, ஆனால் உறுதியானது. அணி தோற்றாலும் வரும்; நட்சத்திரம் போய்விட்டாலும் வரும். அது அணி மாறி வராது என்பதுதான் தொழில்முறை லீக்குகள் காலம் கடந்து கற்ற பாடம்.

1999-இன் கொண்டாட்டம் அடங்குமுன், கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்களின் முதலீட்டோடு பெண்களுக்கான முதல் முழுமையான தொழில்முறை லீக் 2001-இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. வாஷிங்டனில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 34,148 பேர் வந்தார்கள். ஐந்தாண்டுக்கென்று ஒதுக்கிய நான்கு கோடி டாலர் முதல் ஆண்டிலேயே தீர்ந்தது. முதல் சீசனில் 8,000-ஐ ஒட்டியிருந்த சராசரிக் கூட்டம் மூன்றாவது சீசனில் 7,000-க்கும் கீழே இறங்கியது. 2003 செப்டம்பரில், அமெரிக்காவிலேயே அடுத்த உலகக் கோப்பை தொடங்கச் சில நாள் இருக்கும்போது, லீக் மூடப்பட்டது. 2009-இல் வந்த இரண்டாவது லீக்கும் மூன்று சீசனுக்கு மேல் தாங்கவில்லை. பணம் ஏன் தீர்ந்தது என்பது குறித்து நிறைய எழுதப்பட்டுள்ளது. அந்த அணிகள் எங்கே ஆடின என்பது பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதல் லீக்கின் ஃபிலடெல்ஃபியா அணி விலனோவா பல்கலைக்கழக அரங்கில் ஆடியது. பாஸ்டன் அணி பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிக்கர்சன் திடலில். சான் டியேகோ அணி சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் டொரேரோ அரங்கில். சான் ஹோசேயில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்பார்ட்டன் அரங்கில். கரோலினா அணி தன் முதல் சீசனைச் சாப்பல் ஹில்லில், டோரன்ஸின் பெண்கள் பட்டங்களாகக் குவித்த அதே ஃபெட்சர் திடலில் ஆடிவிட்டு, அடுத்த ஆண்டுதான் கேரி நகரின் புதிய சாக்கர் அரங்குக்குக் குடிபோனது. பல்கலைக்கழகக் கூட்டமும் தொழில்முறைக் கூட்டமும் ஒன்றாகிவிடும் என்ற எண்ணம் இதில் உள்ளூர இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கோடை விடுமுறையில் மாணவர்கள் வளாகத்தில் இருப்பதில்லை. பழைய மாணவர்களுக்குத் தங்கள் வண்ணச் சட்டை இல்லாத ஆட்டத்தில் நாட்டமில்லை. நகரத்து மக்களுக்கோ அது இன்னொருவர் வீட்டு முற்றம். தொழில்முறை அணி வாடகைக்குக் குடியிருப்பவர்போல் அங்கே ஒண்டிக்கொண்டிருந்தது.

இது மூன்றாவது லீக்கிலும் தொடர்ந்தது. 2013-இல் தேசிய மகளிர் சாக்கர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அந்தந்த நாட்டுச் சங்கங்களே ஏற்றுக்கொண்டன. மற்றவர்களில் சிலருக்கு ஒரு சீசனுக்கு 6,000 டாலர்தான் கூலி. நியூ ஜெர்சி அணி ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் யர்சாக் திடலில் 2019 வரை ஆடியது. அந்த அணியின் வீராங்கனைகளுக்குக் குளிக்கும் வசதிகூடச் சரியாக இல்லை என்ற செய்திகள் 2018-இல் வெளிவந்து சந்தி சிரித்தன. அதே அணி பெயரை மாற்றிக்கொண்டு ஆண்கள் லீக்கின் பெரிய அரங்குக்கு இடம் மாறி, 2023-இல் பட்டமும் வென்றது. சான் டியேகோவின் புதிய அணி 2022-இல் டொரேரோ அரங்கின் 6,000 இருக்கைகளில் தொடங்கி, செப்டம்பரில் ஸ்னாப்டிராகன் அரங்குக்கு மாறிய முதல் நாளே 32,000 பேரைக் கண்டது. இந்த அரங்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானதே என்பதால், மண் யாருடையது என்பது இங்கே பொருட்டன்று. நகரம் தன்னுடையது என்று எண்ணிக்கொள்ளும் இடமா என்பதே பொருட்டு.

விதிக்கு விலக்காக ஓர் ஊர் உண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முனைபவர்கள் அதைத் தவிர்க்க முடியாது. ஒரிகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்துக்கு ஃபுட்பால் அணியே இல்லை. அதனால் இலையுதிர்காலம் முழுவதும் சாக்கருக்கு உரியதாயிற்று. ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேர் கொள்ளும் மெர்லோ திடலில், ஒரு மாணவர் விடுதியின் பையன்கள் முரசு கொட்டிக்கொண்டு வந்து நிற்க, பெண்கள் ஆட்டத்துக்கு நாட்டிலேயே அதிகக் கூட்டம் கூடும் இடங்களில் ஒன்றாக அது இருந்தது. பயிற்சியாளர் கிளைவ் சார்ல்ஸ் அணியை 2002-இல் முதல் பட்டத்துக்கு இட்டுச் சென்று, அடுத்த ஆண்டு மறைந்தார். கனடாவிலிருந்து வந்து சேர்ந்த கிறிஸ்டின் சின்க்ளேர் 2002 இறுதியில் வெற்றிக் கோலை அடித்தார். 2005-இல் ஒரே சீசனில் 39 கோல்கள் அடித்து, லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியை 4-0 என்று வென்ற இறுதியாட்டத்தோடு பல்கலைக்கழக வாழ்க்கையை முடித்தார். பின்னாளில் அமெரிக்கத் தேசிய அணியின் நட்சத்திரமான மேகன் ரப்பினோவும் அந்த அணியில் இருந்தவர்.

எட்டாண்டு கழித்து அந்த நகரில் தோர்ன்ஸ் என்ற தொழில்முறை அணி அமைந்தபோது சின்க்ளேர் திரும்பி வந்து, 2024-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே ஆடினார். லீக்கின் முதல் சீசனில் ஒட்டுமொத்தச் சராசரிக் கூட்டம் 4,300-ஐ எட்டவில்லை. தோர்ன்ஸுக்கு மட்டும் 13,000-க்கு மேல் வந்தார்கள். அந்த ஒரு நகரைக் கழித்துப் பார்த்தால் மற்ற ஏழு அணிகளுக்கும் 3,000-ஐ ஒட்டித்தான் தேறும். நல்ல ஒரு பல்கலைக்கழகத் திடலின் கூட்டத்துக்கும் அதற்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. 2019-இல் தோர்ன்ஸின் சராசரி 20,000-ஐத் தாண்டியது. மெர்லோ திடலின் முரசுக் கூட்டம் அப்படியே நகர அரங்குக்கு நடந்து வந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆண்கள் அணிக்கு ஏற்கெனவே இருந்த ரசிகர் பழக்கமும், ரோஸ் சிட்டி ரிவெட்டர்ஸ் என்ற பெயரில் பெண்கள் அணிக்கென்றே தாங்களாக அமைத்துக்கொண்ட ரசிகர் குழுவும் இல்லாவிட்டால் சின்க்ளேரின் பெயர் மட்டும் போதியிருக்காது. ஆயினும் பல்கலைக்கழக ஆட்டம் ஒரு நகரத்துக்குப் பெண்கள் கால்பந்தைப் பார்க்கும் கண்ணைத் தந்த ஒரே பெரிய சான்று அதுதான்.

மற்ற நகரங்கள் அந்த இடத்துக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தன. லீக்கின் சராசரி 2023-இல் 10,000-ஐத் தாண்டியது. அதே ஆண்டின் இறுதியில் நான்கு ஆண்டுக்கு 24 கோடி டாலர் மதிப்பில் ஒளிபரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 மார்ச்சில் கான்சாஸ் சிட்டியில், ஒரு பெண்கள் தொழில்முறை அணிக்கென்றே கட்டப்பட்ட 11,500 இருக்கை அரங்கு திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பேஸ்பால் அரங்கில் ஓர் ஆட்டத்துக்கு 40,091 பேர் கூடினார்கள். இவ்வளவு இருந்தும் 2024 இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பு சொன்ன கூடைப்பந்து எண்ணோடு ஒப்பிட்டால் தொழில்முறை ஆட்டத்தின் வெற்றியையும் அளவோடுதான் பேச வேண்டும்.

இரண்டுக்கும் இடையே இருந்த பாலம் இப்போது குறுகிக்கொண்டு வருகிறது. 2017-இல் மாலரி பியூ யு.சி.எல்.ஏ.வை விட்டு, ஒரு சீசன்கூட ஆடாமல் தொழில்முறைக்குப் போனார். புதிய வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2021-இல் இரண்டாவது தேர்வாக எடுக்கப்பட்ட டிரினிட்டி ராட்மன், பெருந்தொற்றால் சீசன் தள்ளிப்போனதால் தம் பல்கலைக்கழகத்துக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அதே ஆண்டு பதினைந்து வயது ஒலிவியா மோல்ட்ரி, வயது வரம்பை எதிர்த்து நீதிமன்றம் போய் லீக்குக்குள் நுழைந்தார். 2023-இல் முதல் தேர்வான அலிசா தாம்சன் பள்ளியிலிருந்து நேரே வந்தவர். எதிர்ப்பக்கத்திலும் சான்று உண்டு: ஸ்டான்ஃபோர்டில் படிப்பையும் ஆட்டத்தையும் முடித்து 2022-இல் முதல் தேர்வாக வந்த நவோமி கிர்மாதான், 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை பேசப்பட்ட முதல் பெண் கால்பந்து வீராங்கனையாக இங்கிலாந்தின் செல்சி அணிக்குப் போனார். பின்னால் நின்று தடுக்கும் ஆட்டக்காரருக்கு நான்கு ஆண்டு நிதானம் நன்மையே செய்கிறது என்று நான் நினைக்கிறேன். முன்னால் ஓடி கோல் அடிப்பவர்கள்தாம் பொறுமையிழந்து பறக்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் லீக்கும் வீராங்கனைகள் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் டிராஃப்ட் முறையையே நீக்கிவிட்டது. பெரிய அமெரிக்க லீக்குகளில் இதைச் செய்த முதல் லீக் இதுவே. இனி யாரும் எந்த அணியோடும் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வீராங்கனைகளுக்கு இது நியாயம். ஆனால் பல்கலைக்கழக ஆட்டத்தைப் பார்த்தே இராத தொழில்முறை ரசிகர்கள் ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க இருந்த ஒரே நாளும் அதோடு போயிற்று.

இதனால் பல்கலைக்கழகக் கூட்டம் கரைந்துவிடுமா என்று கேட்டால், கரையாது என்பதே என் கணிப்பு. நட்சத்திரங்களை நம்பி அது ஒருபோதும் இருந்ததில்லை. 2024 ஜனவரியில் நடந்த கடைசி டிராஃப்டின் முதல் இரண்டு தேர்வுகளான ஆலி சென்ட்னரும் சேவி கிங்கும் வட கரோலினாவிலிருந்து போனவர்கள். ஆகஸ்டில், சீசன் தொடங்கும் நேரத்தில், நாற்பத்தைந்து ஆண்டு அந்த அணியை நடத்திய டோரன்ஸும் ஓய்வு பெற்றார். இடைக்காலப் பயிற்சியாளர் ஒருவரோடு களமிறங்கிய அந்த அணி, டிசம்பரில் தன் சொந்த மாநிலத்துக் கேரி நகரில், அதே மாநிலத்தின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தை 1-0 என்று வென்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பட்டத்தை 22-ஆவது முறையாக எடுத்துக்கொண்டது.